மனநோயுள்ளவர் சிறையிலிருந்து வீடு திரும்பும்போது: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மனநோய் முற்றியிருந்த நேரத்தில் ஒருவரைத் தாக்கி வழக்கில் சிக்கியவர் வெளியே வரப்போகிறார் என்று தெரிந்தால் ஊரில் இரண்டு கேள்விகள் எழும். அம்மை கேட்பார்: “எனக்க பிள்ளைய எப்ப விடுவாவ?” பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்: “மறுபடியும் வெட்டமாட்டான்னு யாரு பொறுப்பு?” இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கு வக்கீல் பதில் சொல்லிவிடுகிறார். இரண்டாவது கேள்வியை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அதனால்தான் விடுதலைக்கு ஊரில் எதிர்ப்பு கிளம்புகிறது. விடுதலையான பிறகு மருந்தும் நின்றுபோகிறது.

எத்தனை வருடம் உள்ளே வைத்திருந்தோம் என்பது ஊரைப் பாதுகாக்காது. வெளியே வந்த முதல் மூன்று மாதத்தில் மருந்தை யார் கொடுக்கிறார், தூக்கம் கெட்டால் யார் கவனிக்கிறார், கவனித்தவர் யாருக்குப் போன் செய்கிறார் என்ற மூன்றும்தான் பாதுகாக்கும். இந்த மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகும் குடும்பம், தன் பிள்ளையின் சுதந்திரத்தையும் அடுத்த வீட்டாரின் நிம்மதியையும் சேர்த்தே கேட்கிறது. அந்த எழுத்தை எப்படித் தயாரிப்பது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை செய்யும் இளைஞர். சில மாதங்களாகக் காதில் குரல் கேட்கிறது. அண்ணன் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார் என்று நம்புகிறார். ஒரு ராத்திரி அண்ணனை வெட்டுகத்தியால் வெட்டிவிடுகிறார். அண்ணன் பிழைத்துக்கொள்கிறார், கை ஊனமாகிறது. வீட்டில் அம்மையும் அண்ணனும் மைனியும் (அண்ணன் மனைவி) இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். இத்தகைய வழக்குகளில் அடிபட்டவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் அல்லர், வீட்டிலேயே இருப்பவர். அதை மனதில் வைத்தே மேலே படியுங்கள்.

படி 1: எந்த வாசல் வழியாக வெளியே வருகிறார்?

இது தெரியாமல் எழுதும் மனு திரும்பி வந்துவிடும். இப்போதைய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதில் 367 முதல் 378 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. அதற்கு முன் தொடங்கிய வழக்கு என்றால் காகிதங்களில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328 முதல் 339 வரையிலான எண்கள் இருக்கும். உள்ளடக்கம் பெருமளவு ஒன்றுதான்.

முதல் வாசல், விசாரணைக்கு முன்னாலேயே வருவது. தன் தரப்பைச் சொல்லும் நிலையில் மனம் இல்லை என்று கோர்ட் கண்டால் விசாரணை தள்ளிவைக்கப்படும். பிரிவு 369-இன்படி, உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலை இல்லை என்றால், ஜாமீன் தரக்கூடிய குற்றமோ தரக்கூடாத குற்றமோ, ஜாமீனில் விட வேண்டும். உறவினரோ நண்பரோ இரண்டு உறுதி தர வேண்டும்: அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர்ந்து வெளிநோயாளி சிகிச்சைக்குக் கூட்டிப் போவேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன். உறுதி தர ஆளில்லாவிட்டாலோ, ஜாமீன் தர முடியாது என்று கோர்ட் கருதினாலோ, மனநல சிகிச்சை கிடைக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். கொண்டுபோய்ச் சிறை அறையில் போட்டுவிட இந்தப் பிரிவு இடம் தரவில்லை. மனநல மருத்துவர் சொன்ன கருத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உடன்பாடு இல்லையென்றால், அருகிலுள்ள அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் தலைவரும் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை ஆசிரியர் ஒருவரும் இருக்கும் மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டாவது வாசல், நம் பால்வெட்டுக்காரர் வரப்போகும் வாசல். செயல் நடந்தது உண்மை. ஆனால் செய்த நேரத்தில் அதன் தன்மையோ அது தவறென்பதோ அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று கோர்ட் முடிவு செய்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 22 அவரைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது. இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84. ஆனாலும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். பிரிவு 374-இன்படி பாதுகாப்பான காவலில் வைக்க உத்தரவிடலாம், அல்லது உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கலாம். ஒப்படைக்க வேண்டுமானால் அந்த உறவினரே மனு போட வேண்டும், பிணை தர வேண்டும். குடும்பத்தார் மனு போடாமல் கோர்ட் தானாக ஒப்படைக்காது. இந்த ஒரு வரி தெரியாததால் பிள்ளை வருடக்கணக்கில் உள்ளே இருந்துவிடலாம்.

மூன்றாவது வாசல், அப்படிக் காவலில் வைக்கப்பட்டவர் பிறகு வருவது. இங்கே முடிவெடுப்பது மாநில அரசு. தனக்கோ பிறருக்கோ ஆபத்தின்றி விடலாம் என்று சிறைத்துறைத் தலைவரோ, மனநல நிறுவனத்தைப் பார்வையிடும் அதிகாரம் பெற்றவர்களோ சான்று தந்தால், பிரிவு 377-இல் அரசு விடுதலைக்கு உத்தரவிடலாம். உறவினர் மனு கொடுத்துப் பிணையும் தந்தால் பிரிவு 378-இல் ஒப்படைக்கலாம்.

நான்காவது, தண்டனை பெற்று உள்ளே இருக்கும்போது நோய் வந்தவர். அவருக்குத் தண்டனைக் காலம் முடியும் நாளே கடைசி நாள். “இன்னும் குணமாகவில்லை, இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. தொடர்ந்து மருத்துவமனையில் இருக்க வேண்டுமென்றால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் விதிகளின்படி புதிதாகச் சேர்க்க வேண்டும்.

படி 2: காகிதங்களைச் சேர்ப்பது

தீர்ப்பின் சான்றிட்ட நகல், காவலில் வைத்த உத்தரவு, சிகிச்சைப் பதிவுகள். இவற்றில் சிகிச்சைப் பதிவுதான் உயிர்நாடி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. கோர்ட் உத்தரவில் மனநல நிறுவனத்தில் வைக்கப்பட்டவரைப் பற்றி அங்குள்ள பொறுப்பு மருத்துவர் 6 மாதத்துக்கு ஒருமுறை, காவலில் வைக்க உத்தரவிட்ட அதிகாரிக்குச் சிறப்பறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 103. இந்த அறிக்கைகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். அறிக்கையே அனுப்பப்படவில்லை என்றால் அதுவே உங்கள் மனுவின் வலுவான காரணம்.

அஸ்ஸாமில் மச்சாங் லாலுங் என்பவர் 1951-இல் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-லேயே நலமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் சிறைக்குத்தான் மாற்றினார்கள். வழக்கே நடக்காமல் 54 வருடம் கழித்து 2005-இல் வெளியே வந்தார். அன்று பீகாரில் இருந்த ஹசாரிபாக் சிறையில் மனநோயாளிகள் என்று வைக்கப்பட்டவர்கள் தெளிந்த பிறகும் இருபது, முப்பது வருடம் அடைபட்டுக் கிடந்ததை 1982-இல் உச்சநீதிமன்றம் கண்டு விடுவித்தது. அவர்களை யாரும் பழிவாங்கவில்லை. கோப்பு ஒரு மேசையில் தூங்கியது, எழுப்ப வெளியே ஆளில்லை. அந்த ஆளாக இருப்பதுதான் குடும்பத்தின் முதல் கடமை.

குமரிக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நம் ஆட்கள் பாளையங்கோட்டை மத்திய சிறையிலோ, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ இருக்கக்கூடும். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கூலி வேலைக்குப் போகும் அம்மையால் மாதாமாதம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏற முடியாது. இன்னொன்று, நம்மில் பலர் கைதாவதற்கு முன் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலோ ஊளம்பாறை மனநல மருத்துவமனையிலோ சிகிச்சை எடுத்திருப்பார்கள். அந்தச் சீட்டுகள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வீட்டு அலமாரியில் கிடக்கும். எந்த மருந்து கேட்டது, எந்த மருந்தால் கைகால் நடுங்கியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தேடி எடுத்து நகல் போடுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். காவலில் இருப்பவருக்கும் மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தொலைபேசி எண் 15100.

படி 3: ஆபத்தைச் சரியாகக் கேட்பது

“இவர் ஆபத்தானவரா?” என்று மருத்துவரிடம் கேட்டால் எந்த மருத்துவரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. கோர்ட்டும் இதே கேள்வியைக் கேட்டு, தெளிவில்லாத பதிலை வாங்கிக்கொண்டு, பயந்து மனுவைத் தள்ளிவைக்கிறது. கேள்வியை உடைத்துக் கேளுங்கள். யாருக்கு ஆபத்து? எந்த நிலையில்? எவ்வளவு சீக்கிரம் அது வரும்? வருவதற்கு முன் என்ன தெரியும்? எது அதைத் தடுக்கும்?

நம் பால்வெட்டுக்காரருக்கு இப்படிப் பதில் வரலாம்: ஆபத்து அண்ணனுக்கும், சாப்பாடு கொடுக்கும் கையாக இருப்பதால் ஓரளவு மைனிக்கும். மருந்து நின்ற சில வாரங்களில். முதல் அடையாளம் தூக்கமின்மை, அடுத்தது வீட்டுச் சாப்பாட்டை மறுப்பது. குடி சேர்ந்தால் வேகம் கூடும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு திட்டம் போடலாம். “ஆபத்தானவர்” என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பூட்டத்தான் முடியும்.

மனநோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பலர் தாங்களே தாக்குதலுக்கு ஆளாகிறார்கள். முன்பு நடந்த வன்முறை, குடியும் கஞ்சாவும், நின்றுபோன சிகிச்சை, குறிப்பிட்ட ஆள்மேல் கவிந்த பொய்நம்பிக்கை ஆகியவை சேரும்போதுதான் ஆபத்து உயர்கிறது. இவற்றில் முதலாவதை மாற்ற முடியாது. மற்ற மூன்றையும் மாற்றலாம். உலகின் பல நாடுகளில் தடயவியல் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் எச்.சி.ஆர்.-20 என்ற மதிப்பீட்டுமுறையும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது: கடந்த காலம் பற்றி 10 கேள்விகள், இப்போதைய மனநிலை பற்றி 5, இனி வாழப்போகும் சூழல் பற்றி 5. அந்தக் கடைசி ஐந்துக்குப் பதில் சொல்ல மருத்துவரால் மட்டும் முடியாது. வீட்டையும் ஊரையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். அதனால் மதிப்பீடு நடக்கும் நாளில் குடும்பத்தில் ஒருவர் கட்டாயம் போய் உட்காருங்கள்.

படி 4: எந்த வீட்டுக்கு?

எல்லாரும் “சொந்த வீடு” என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் கை ஊனமான அண்ணன் இருக்கிறார். “அவன் வந்தா நான் பிள்ளைகளைக் கூட்டிட்டு எனக்க வீட்டுக்குப் போயிருவேன்” என்று மைனி சொன்னால் அதைக் கல்நெஞ்சம் என்று சொல்லாதீர்கள். அந்த ராத்திரியை அவர் பார்த்திருக்கிறார். அவருடைய பயத்தைக் கேட்காமல் போடும் திட்டம் ஒரு மாதம்கூட நிற்காது.

முதல் ஆறு மாதமாவது வேறு கூரை பாருங்கள். தாய்மாமன் வீடு, கல்யாணமாகிப் போன அக்கா வீடு, அல்லது அதே புரையிடத்தில் (வீட்டு மனையில்) தனி வாசல் உள்ள அறை. யார் பொறுப்பேற்கிறாரோ அவர் பெயரில்தான் மனு இருக்க வேண்டும். அம்மைக்கு 68 வயதாகி, மூட்டுவலியோடு இருந்தால், அவரை மட்டும் ஜாமீன்தாரராக வைப்பது யாரையும் பாதுகாக்காது. அம்மையின் அன்பு திட்டத்தில் இருக்கட்டும். பொறுப்பு இரண்டு பேருக்குப் பிரியட்டும்.

தங்கும் இடத்தில் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் சில உண்டு. வெட்டுகத்தி, பாளையருவாள், கோடாலி எல்லாம் பூட்டிய பெட்டியில். சாவி ஒருவரிடம். ரப்பர் கொட்டகையில் வைக்கும் ஃபார்மிக் அமிலமும் அதே கணக்கில் சேரும். பாலை உறையவைக்க வாங்கும் அந்த அமிலத்தால் தற்கொலைக்கு முயல்வது கிழக்கே மலையோர ஊர்களில் யாருக்கும் புதிய செய்தியல்ல. தெளிந்த பிறகு தான் செய்ததை உணரும் மனிதருக்குத் தற்கொலை எண்ணம் வரும் காலம் அது. ஊர் பயப்படுவது அவர் பிறருக்குச் செய்வதைப் பற்றி. மருத்துவர் பயப்படுவது அவர் தனக்கே செய்துகொள்வதைப் பற்றி.

சங்கிலி மட்டும் கூடாது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 95 தெளிவாகச் சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி வந்தபோது நம் மாவட்டத்திலும் பல வீடுகள் உறைந்துபோயின.

குடும்பமே ஏற்க மறுத்தால்? குடும்பம் இல்லை, ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 19. இடைநிலை இல்லங்களை அமைக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் நடைமுறையில் இடம் கிடைப்பது கடினம். மனு போட்ட நாளிலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் எழுதிவையுங்கள், விடுதலைக்கு முந்தின நாள் ஓடாதீர்கள்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனநோயில் தன் குழந்தைக்குத் தீங்கு செய்துவிட்ட தாய், சிகிச்சையில் தெளிந்த பிறகு, வழியில் போகிறவருக்கு ஆபத்தானவர் அல்லர். ஆபத்து இருப்பது அடுத்த பிரசவத்தில். அவருக்குத் தேவையான நிபந்தனை ஒன்றுதான்: மீண்டும் கருவுற்றால் முதல் மாதங்களிலேயே மனநல மருத்துவரிடம் சொல்லி, பிரசவம் முடிந்த முதல் வாரங்களில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அவரைக் காலவரையின்றி அடைத்துவைப்பதால் யாருக்கும் பயனில்லை.

படி 5: நிபந்தனைகளை எழுதுவது

சுதந்திரமும் பாதுகாப்பும் உண்மையில் மோதும் இடம் இதுதான். ஒவ்வொரு நிபந்தனையையும் மூன்று கேள்வியால் சோதியுங்கள். படி 3-இல் கண்ட எந்த ஆபத்தை இது தடுக்கிறது? இதைவிடக் குறைவாகக் கட்டுப்படுத்தி அதையே தடுக்க முடியாதா? இது எப்போது மறுபரிசீலனைக்கு வரும்? மூன்றுக்கும் பதில் இல்லாத நிபந்தனையை ஏற்காதீர்கள்.

காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போடச் சொல்வதை எடுத்துக்கொள்வோம். ஜாமீன் வழக்குகளில் பழகிப்போனதால் இங்கேயும் எழுதிவிடுகிறார்கள். பிறர் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பொய்நம்பிக்கையில் கிடந்து மீண்டவரைத் தினமும் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினால் அவர் மனம் என்ன ஆகும்? கையெழுத்துப் போட்டவர் மாத்திரை விழுங்கினாரா என்பது ரைட்டருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல வெளிநோயாளிப் பிரிவில் குறித்த தேதியில் வந்தார் என்ற பதிவை, பொறுப்பேற்றவர் மாதம் ஒருமுறை கோர்ட்டிலோ அரசு குறிப்பிடும் அதிகாரியிடமோ காட்டலாம். ஆளை நேரில் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதை நிறைவேற்றவும் இதோடு சேர்த்து நாள் குறித்துக்கொள்ளலாம். வருவது தவறினால் மருத்துவமனையிலிருந்து பொறுப்பாளருக்குத் தகவல் வர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

“மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது” என்பது கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்காரருக்கு என்ன பொருள்? பாறசாலையில் வேலை, திருவனந்தபுரத்தில் மருத்துவர். எல்லை தாண்டாதே என்றால் இரண்டும் போய்விடும். அண்ணன் வீட்டை நெருங்கக்கூடாது என்பது குறிப்பானது, சரியானது. அதுவும் அண்ணனே விரும்பி அழைத்தால் பொறுப்பாளர் உடனிருக்கப் பார்க்கலாம் என்ற வாசலோடு.

மதுவும் கஞ்சாவும் கூடாது என்ற நிபந்தனையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு நேரடிக் காரணம் இருக்கிறது. ஆனால் ஒருநாள் டாஸ்மாக் வாசலில் கண்டதாலேயே பிணையை ரத்து செய்வது என்று எழுதாமல், முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போவது என்று எழுதுங்கள். தண்டனைக்குப் பயந்து மறைக்கப்படும் சறுக்கல்தான் பெரிய விபத்தாக முடியும்.

வேலை. பால்வெட்டுக் கத்தியைத் தொடவே கூடாது என்று தடைபோட்டால் அவருக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு போய்விடும். முதல் மூன்று மாதம் பால் எடுப்பது, ஷீட் அடிப்பது போன்ற வேலை. பிறகு மருத்துவரின் கருத்தோடு வெட்டுக்குப் போகட்டும். வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் சீக்கிரம் நோய்க்குள் திரும்புகிறார்.

படி 6: மருந்துச் சங்கிலி அறாமல்

விடுதலை உத்தரவு சாயங்காலம் வரும். கையில் துணிப்பை, மாத்திரை இருக்காது. அடுத்த வெளிநோயாளி நாளுக்குள் பத்து நாள் ஓடிவிடும். இதைத் தடுக்கவே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 98 இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளியோடும் அவர் நியமித்த பிரதிநிதியோடும் தங்கப்போகும் குடும்பத்தாரோடும் இனிப் பார்க்கப்போகும் மருத்துவரோடும் கலந்து சிகிச்சைத் திட்டம் போட வேண்டும். கேட்க வேண்டியது நான்கு: ஒரு மாத மருந்து, மருந்துப் பெயரும் அளவும் தெளிவாக எழுதிய சுருக்கம், உள்ளூர் மருத்துவமனைக்கு முகவரியிட்ட கடிதம், முதல் சந்திப்புத் தேதி. தேதி ஏழு நாளுக்குள் இருக்கட்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாள், இடம் எல்லாம் பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரித்தால் தெரியும். குலசேகரத்திலிருந்து மாதாமாதம் ஆசாரிப்பள்ளம் போக ஒரு நாள் கூலி போகும் என்பதால் அருகில் கிடைப்பதே நிலைக்கும்.

மாத்திரை மறக்கிறார், மறைக்கிறார் என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டநாள் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். வீட்டில் தினமும் நடக்கும் “விழுங்கினியா?” சண்டை நின்றுபோகும்.

நம் தொழில்களுக்கும் மருந்துக்கும் உள்ள உறவை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். விடியலுக்கு முன் வெட்டுக்குப் போகிறவருக்கு ராத்திரி பத்து மணிக்குக் கொடுக்கும் மாத்திரையின் மயக்கம் காலையிலும் இருக்கும். நேரத்தை முன்னே தள்ளக் கேட்கலாம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். லித்தியம் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர் என்றால் வியர்த்து நீர்ச்சத்து இழக்கும்போது அது இரத்தத்தில் நச்சளவுக்கு ஏறக்கூடும். இரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. அவர் முதல் வருடம் கரைவலை, ஏலக்கூடம், வலை பின்னும் வேலை என்று கரையில் இருப்பது நல்லது. இதைச் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

தர்காவுக்கோ கோயிலுக்கோ ஜெபக்கூட்டத்துக்கோ போவதில் தடையில்லை. மாத்திரைப் பெட்டியும் கூடவே போகட்டும்.

படி 7: ஊரிடம் எவ்வளவு சொல்வது

நோயாளியின் விவரங்களை மறைவாக வைக்கும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 தருகிறது. பிறரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான அளவு மட்டும் சொல்லலாம் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. அண்ணனுக்கும் மைனிக்கும் விடுதலைத் தேதி, தங்கும் இடம், நிபந்தனைகள், அவசர எண் ஆகியவை தெரிய வேண்டும், முன்கூட்டியே, எழுத்தில். பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தால் போதும். நோயின் பெயரோ மருந்தின் பெயரோ ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குத் தேவையில்லை.

நம் மாவட்டத்தில் ஊர் என்பதற்கு உருவம் உண்டு. பங்குத்தந்தை, அன்பியம், சேகரப் போதகர், ஜமாத், ஊர்க் கமிட்டி. இவர்களில் ஒருவரை முதலிலேயே நம்பிக்கையில் எடுங்கள். “வராதே” என்று பொதுக்கூட்டம் தீர்மானம் போட்ட பிறகு போய்ப் பேசுவது மிகக் கடினம். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: யாராவது பயந்தால் முதலில் பொறுப்பாளரிடம் வரச் சொல்லுங்கள், கூட்டம் கூட வேண்டாம்.

அடிபட்டவருக்கும் நீதி இருக்கிறது. நோயைக் காரணம் காட்டி வழக்கு முடிந்ததும் அண்ணன் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 396-இல், விடுதலையில் முடிந்த வழக்கிலும் பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கண்டால் கோர்ட் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு தொகையை முடிவு செய்யும். தம்பியின் விடுதலை மனுவோடு சேர்த்தே அண்ணனின் இழப்பீட்டு மனுவையும் போடும்படி நான் எப்போதும் சொல்வேன். ஒரே குடும்பத்தின் இரண்டு காயத்தையும் கோர்ட் ஒன்றாகப் பார்க்கட்டும்.

படி 8: நோய் திரும்பும் அடையாளம் கண்டால்

ஒரே தாளில், பெரிய எழுத்தில், கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். இரண்டு ராத்திரி தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பாட்டைச் சந்தேகிக்கிறார், தனியே பேசுகிறார், மாத்திரை வேண்டாமென்கிறார்: அன்றைக்கே மருத்துவரிடம். யாரோடு பேசுவது என்று தெரியவில்லையென்றால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும், தமிழில். மிரட்டுகிறார், ஆயுதம் தேடுகிறார்: குழந்தைகளை வெளியே எடுங்கள், வாக்குவாதம் வேண்டாம், 112-ஐயோ 108-ஐயோ அழையுங்கள்.

போலீஸ் வந்தால் அவர்களுக்கு என்ன கடமை என்று தெரிந்துகொள்ளுங்கள். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. இது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 100. பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். அதற்கு மேல் அவர் சம்மதிக்காமல் சேர்க்க வேண்டுமானால் அதே சட்டத்தின் பிரிவு 89: ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியே பார்த்து, பிரதிநிதியின் மனுவோடு, 30 நாள் வரை. ஆணாக இருந்தால் 7 நாளுக்குள்ளும் பெண்ணாக இருந்தால் 3 நாளுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். நோயாளி அதை எதிர்த்து வாரியத்திடம் முறையிடலாம். புதிய குற்றம் எதுவும் நடக்காதபோது, நோய் திரும்பிய ஒரே காரணத்துக்காக மீண்டும் சிறைக்கு அனுப்பக் கேட்காதீர்கள். சில வாரம் மருத்துவமனை, பிறகு வீடு. இது முதல் தடவை நடக்கும்போது குடும்பம் இடிந்துபோகும். திட்டம் வேலை செய்ததால்தான் யாருக்கும் காயமின்றி மருத்துவமனை போய்ச் சேர்ந்தார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

படி 9: நிபந்தனைகளைத் தளர்த்துவது

வெளியே விடுவதற்கு மனு போடும் குடும்பம், நிபந்தனையைத் தளர்த்த மனு போட மறந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் ஒன்று, ஒரு வருடத்தில் ஒன்று என்று இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். மனுவோடு இணைக்க வேண்டியவை: தவறாமல் போன வெளிநோயாளிச் சீட்டுகள், மருத்துவரின் இப்போதைய கருத்து, வேலை கொடுத்தவரின் ஒரு பக்கக் கடிதம், அண்ணன் விரும்பினால் அவருடைய கடிதம். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கக் கேட்க வேண்டாம். அண்ணன் வீட்டுக்குப் போகும் தடையைக் கடைசியாக வைத்து, வேலை, பயணம், ஆஜராகும் இடைவெளி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடுதலை உத்தரவு கோர்ட்டிலிருந்து வந்ததா, அரசிடமிருந்து வந்ததா என்று பார்த்து அதே இடத்தில் போடுங்கள். அரசுக்குப் போன மனு பதிலின்றிக் கிடந்தால், பதிவுத் தபால் ரசீதோடு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அதற்கும் இலவச சட்ட உதவி கேட்கலாம்.